கறுப்புக் கண்ணாடி அணிந்தும் கண்ணில் சதை வளர்வது ஏன்?

கேள்வி

வணக்கம். நான் பதினாறு ஆண்டுகளாக நில அளவைப் பணியில் இருப்பவன். பகலின் பெரும்பகுதி திறந்த வெளியில்தான் கழிகிறது. சென்ற மாதம் வலக் கண்ணில், மூக்கை ஒட்டிய வெள்ளைப் பகுதியிலிருந்து மெல்லிய சதை ஒன்று கருவிழியை நோக்கி வளர்ந்திருப்பதைக் கவனித்து மருத்துவரிடம் சென்றேன். அது டெரிஜியம் என்றும், இப்போது அறுவை சிகிச்சை தேவையில்லை என்றும், ஆனால் வெயிலிலிருந்து கண்ணைக் காத்துக்கொண்டே ஆகவேண்டும் என்றும் அவர் சொன்னார்.

ஆறு ஆண்டுகளாக மிகக் கருமையான கண்ணாடி அணிந்துதான் வேலை செய்கிறேன். அப்படியிருந்தும் இது எப்படி வந்தது? வருவதென்றால், மூக்கின் நிழல் விழும் உட்புறத்தில் வருவானேன்? எட்டு வயது மகள் பள்ளி விட்டதும் வெளியில்தான் விளையாடுகிறாள்; அவளைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (கண்ணாடி விற்பனையகத்தில் பணிபுரிபவர்)

கருமை வேறு, காப்பு வேறு. சாயம் குறைப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியை. தீங்கு செய்யும் புற ஊதாக் கதிரோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் அலைநீளம் 400 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதால்தான், அதுவரை தடுக்கும் கண்ணாடிகளில் ‘யூவி 400’ என்று குறிக்கிறார்கள். அந்தத் தடுப்பு இல்லாத கருங்கண்ணாடி, ஒன்றும் அணியாமல் இருப்பதைவிடக் கெடுதலாகவும் முடியலாம். ஏனெனில் வெளிச்சம் குறைந்ததும் கண்மணி விரிகிறது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் இயல்பான பழக்கமும் நின்றுவிடுகிறது. ‘போலரைஸ்டு’ என்ற குறிப்பும் நீரிலிருந்தும் சாலையிலிருந்தும் வரும் கூச்சத்தைக் குறைப்பதைப் பற்றியதே தவிர, புற ஊதாத் தடுப்புக்குச் சான்று அன்று. யூவி மீட்டர் வைத்திருக்கும் கடையில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் சோதித்துச் சொல்வார்கள். முதலில் அதைச் செய்யுங்கள்.

மறுமொழி 2 (பார்வைப் பரிசோதகர்)

மேலே நண்பர் சொன்னது சரியே. ஆயினும் உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்று கருதுகிறேன்.

கருவிழி வளைவான ஒரு லென்ஸ். நெற்றிப்பொட்டின் பக்கமிருந்து சாய்வாக வந்து விழும் ஒளி அதற்குள் வளைந்து கண்ணின் முன்னறையைக் கடந்து, எதிர்ப்புறத்தில், அதாவது மூக்கை ஒட்டிய கருவிழி ஓரத்தில் குவிகிறது. கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் மூல உயிரணுக்கள் இருக்குமிடம் அந்த ஓரம்தான். டெரிஜியம் பெரும்பாலும் உட்புறத்தில் தோன்றுவதற்கு இதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். தட்டையான, சிறிய சட்டமுள்ள கண்ணாடி முன்னால் வரும் கதிரை நிறுத்துமே தவிர, பக்கவாட்டில் நுழைவதை நிறுத்தாது. பின்னாலிருந்து வரும் கதிரில் ஒரு பகுதி லென்ஸின் உட்புறத்தில் பட்டுக் கண்ணுக்கே திரும்புவதும் உண்டு. எனவே முகத்தோடு வளைந்து பக்கங்களை மூடும் சட்டமும், அதோடு அகன்ற விளிம்புள்ள தொப்பியும் உங்களுக்குத் தேவை. தரையிலிருந்து தெறிப்பதைத் தொப்பி தடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்: மணல் ஏறத்தாழ 15 சதவீதத்தையும், புதிய பனி 80 சதவீதம் வரையும் திருப்பி அனுப்புகின்றன.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. உச்சி வேளையில் கதிர் கடுமையாக இருந்தாலும், புருவமும் மேலிமையும் ஓரளவு நிழல் தருகின்றன. சூரியன் சாய்ந்து நிற்கும் காலையிலும் பிற்பகலிலும் அது நேராகக் கண்ணில் விழுகிறது. ஆகவே நண்பகலில் மட்டும் கண்ணாடியை எடுத்து அணிவது போதாது. மெல்லிய மேகமும் நம்பத்தக்க காப்பு அன்று.

மகளுக்குக் கட்டாயம் பழக்குங்கள். குழந்தைகளின் விழிலென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது, ஆதலால் கூடுதலான புற ஊதாக் கதிர் விழித்திரை வரை செல்கிறது. கண்புரைக்கான காரணங்களில் புற ஊதாக் கதிரும் ஒன்று; பாதிப்பு ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போவது. உங்கள் விஷயத்திலும் கண்ணாடி அணியாத முதல் பத்து ஆண்டுகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். தூசியும் காற்றும் வறட்சியும் சதையை உறுத்திச் சிவக்கச் செய்யும் என்பதால், பக்கங்களை மூடும் சட்டம் அதற்கும் உதவும். சதை கண்மணியை நெருங்கினாலோ பார்வை மங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மறுமொழி 3 (மலையேறுபவர்)

ஒரே நாளில் நேரும் பாதிப்பையும் சொல்லிவிடுகிறேன். பனிச்சரிவில் மேகமூட்டம் இருந்ததால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நடந்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இரவில்தான் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல் தொடங்கி, இமையைத் திறக்கவே முடியாமல் நீர் வழிந்தது. கருவிழியின் மேற்படலம் வெந்துபோனதுதான் அது; பற்றவைப்பு வேலை செய்பவர்களுக்கு வருவதும் இதே காயம். இரண்டு நாளில் ஆறியது. உயரம் 1000 மீட்டர் கூடும்போதெல்லாம் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. மலைப்பகுதியில் அளவை செய்ய நேர்ந்தால் நினைவில் வையுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று சோதித்ததில் என் கண்ணாடி 400 நானோமீட்டர் வரை முழுமையாகத் தடுக்கிறது என்று தெரிந்தது. ஆனால் அதை அணிந்து முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தபோது, சட்டத்துக்கும் நெற்றிப்பொட்டுக்கும் இடையில் என் விரல் தாராளமாக நுழைகிறது! எனக்குப் பவரும் உண்டு. பவர் கண்ணாடியில் சாயம் இல்லாமலேயே இந்தத் தடுப்பைப் பெற முடியுமா?

மறுமொழி 1

முடியும். பாலிகார்பனேட் லென்ஸ் இயல்பிலேயே பெரும்பகுதியைத் தடுக்கிறது. மற்றவற்றுக்கு நிறமற்ற பூச்சு இருக்கிறது. வெயிலில் கருமையாகும் லென்ஸையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் வாகனத்தின் முன்கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால், உள்ளே அது சரியாகக் கருக்காது. எதை வாங்கினாலும், அந்த விரல் சோதனையைக் கடையிலேயே செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.