இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த மலையகத்தவருக்கு: தோட்டத்தில் இருக்கும் பெற்றோரின் வைத்தியம் பற்றி

இங்கே வந்திறங்கியதும் அருகிலுள்ள ஜீ.பி. (குடும்ப டொக்டர்) நிலையத்தில் பெயரைப் பதியுங்கள் என்று இந்த இணைய உரையாடலில் பலரும் எழுதிவிட்டார்கள். விசாவுக்கென ஆண்டுக்கு 1,035 பவுண் சுகாதாரக் கட்டணமும் கட்டிவிட்டு அதைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. நான் எழுத விரும்புவது இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், ஹட்டனிலும் பொகவந்தலாவையிலும் பதுளைப் பக்கத்திலும் நீங்கள் விட்டுவந்த அம்மா அப்பாவைப் பற்றி.

இலங்கையில் அரச வைத்தியம் 1951 முதல் இலவசம் என்று பெருமையாகச் சொல்கிறோம். தோட்டங்களின் கதை வேறு. 1912ஆம் ஆண்டில் வெள்ளைக்காரர் கொண்டுவந்த மருத்துவத் தேவைகள் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போய், இடையில் சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்ற பின்னும், மிச்சமிருக்கும் டிஸ்பென்சரிகள் கம்பனியின் சம்பளத்தில் இருக்கும் வைத்திய உதவியாளரின் கையிலேயே ஓடுகின்றன. அவர்களில் நல்ல மனிதர்கள் உண்டு, நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார்கள். ஆனால் அவர்கள் டொக்டர்கள் அல்லர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களை எந்த அளவுக்குக் கவனிப்பார்கள் என்பதும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறது. இதனால் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஒரு வயதானவருக்கு டிஸ்பென்சரியில் ஒரு பதிவும், அரச கிளினிக்கில் ஒரு கொப்பியும், டவுனில் காசு கொடுத்துக் காட்டிய டொக்டரின் சிட்டையும் இருக்கின்றன. இவை மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆள் எவரும் இல்லை. இங்கே ஜீ.பி. செய்வது அந்த வேலையைத்தான்.

ஆகவே பெற்றோரை அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் கிளினிக்கில் பதியச் செய்யுங்கள். ஹட்டன் பக்கத்தவர்களுக்கு இந்திய உதவியில் கட்டி 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது. கிளினிக் கொப்பி அநேகமாக ஒரு ஷொப்பிங் பையில் சுற்றப்பட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னால்தான் இருக்கும். ஒவ்வொரு கிளினிக் முடிந்ததும் கடைசியாக எழுதிய பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி தம்பியிடமோ பக்கத்து லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) பிள்ளையிடமோ சொல்லிவையுங்கள். மருந்தின் பெயரும் அளவும் ஆங்கிலத்தில் இருக்கும், உங்களுக்குப் புரியும். கவுண்டரில் சிங்களத்தில் சொன்னது அம்மாவுக்குப் புரிந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இங்கிருந்து மாத்திரை வாங்கி அனுப்புவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், ஏனென்றால் ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரட்டிப்பாக விழுங்கும் ஆபத்து அதில் இருக்கிறது. 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். அப்படியொரு காலம் திரும்பினால் 'வெளியே வாங்கவும்' என்று எழுதிக் கொடுக்கும் துண்டுக்கு ஒசுசலவில் (அரச மருந்துக்கடையில்) மருந்து வாங்குவதற்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வைப்பது, மாதந்தோறும் கண்டிக்குப் போய் ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணுவதைவிட (காசு கட்டிப் பார்ப்பதைவிட)ப் பயன்படும்.

அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் லயத்துக்கென்று தனி விலாசம் இல்லாததால் தோட்டத்தின் டிவிஷன் (பிரிவு) பெயர், லய இலக்கம், வாகனம் ஏறக்கூடிய கடைசி இடம் (கோயிலோ, கொழுந்து நிறுக்கும் மடுவமோ) ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள்.

இவை எல்லாம் ஒட்டுப்போடும் வேலைகள்தான். டிஸ்பென்சரிகளைச் சுகாதார அமைச்சோ மாகாண சபையோ முழுமையாகப் பொறுப்பேற்று, டொக்டரையும் தமிழ் தெரிந்த தாதியரையும் நியமித்து, தோட்டத்துக் குடும்பங்களையும் நாட்டின் மற்றக் குடும்பங்களைப் போல ஓர் அரச வைத்தியசாலையின் பொறுப்பில் கொண்டுவரவேண்டும். இங்குள்ள நம்மவர் சங்கங்கள் காசு சேர்த்துத் தோட்ட டிஸ்பென்சரிக்குக் கட்டிலும் கருவியும் வாங்கிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது, ஏனெனில் அது கம்பனியின் செலவைக் குறைக்கிறதே தவிர அரசின் பொறுப்பைக் கூட்டுவதில்லை. அடுத்த முறை சங்கத்தார் உங்களிடம் ரசீதுப் புத்தகத்தோடு வந்தால், அந்தக் கருவி யாருடைய சொத்தாகப் பதியப்படும், பழுதானால் யார் திருத்துவார்கள் என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.