நார்ட்டனோடு உங்களுக்கு நேர்ந்த சந்திப்பு: ஒன்றாவது இருக்கும், எழுதுங்கள்

ராத்திரி ஷிப்டு:
இரண்டு வாரமாக மண்டைக்குள் ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். டிவிஎஸ் கையில் இருக்கும் பழைய பிரிட்டிஷ் கம்பெனியான நார்ட்டன், மிலான் மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் காட்டிய நான்கு புது வண்டிகளையும் (மான்க்ஸ் ஆர், மான்க்ஸ், அட்லஸ், அட்லஸ் ஜிடி) எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதை மறுபடி விளக்கப் போவதில்லை.

ஓசூர் பக்கம், தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு டீக்கடை. ஷிப்டு முடிந்து வந்தேன், காலை ஆறரை இருக்கும், நல்ல பனி. வெளிவராத வண்டியை மறைக்கச் சுற்றுவார்களே, அந்த மாதிரி மேலே கீழே எல்லாம் கறுப்பு டேப் சுற்றிய வண்டி ஒன்று வந்து நின்றது. டேங்கில் பெயர் இல்லை. ஓட்டி வந்தவர் இன்ஜினை அணைக்காமலேயே டீ சொன்னார். இரட்டை சிலிண்டர், 270 டிகிரி கிராங்க்கின் (இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிக்காத அமைப்பு) அந்த ஒழுங்கில்லாத துடிப்பு. என்னிடம் இருக்கும் ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டரும் 270தான், ஐந்து வருடமாக அந்தச் சத்தத்தோடு வாழ்கிறவன் நான். இது அது இல்லை. இன்னும் இறுக்கமாக, கிளம்பத் துடிக்கிற மாதிரி இருந்தது. அட்லஸுக்கு 585 சிசி இரட்டை சிலிண்டர் என்றல்லவா அறிவித்திருக்கிறார்கள்?

"அண்ணா, இது அதுதானா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மாஸ்டர், சர்க்கரை கம்மியா சொன்னேனே" என்றார். அவ்வளவுதான் பதில். பின் சக்கரத்துக்கு மேலே டேப்பின் ஒரு முனை பிய்ந்து காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும். நீட்டவில்லை. அவர் போய்விட்டார்.

மிட்லண்ட்ஸ் மழை:
பர்மிங்ஹாமிலிருந்து எழுதுகிறேன். அப்பா 1983இல் டிவிஎஸ்ஸின் ஓசூர் ஆலையில் வெல்டராகச் சேர்ந்தவர், டிவிஎஸ் 50 காலம். ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாக இங்கே வந்திருந்தார். சோலிஹல் பக்கத்தில் இருக்கும் தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். 2020 ஏப்ரலில் டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டுக்கு நார்ட்டனை வாங்கியது அவருக்குத் தெரியும், ஆனால் நார்ட்டன் என்றால் என்ன என்று தெரியாது.

நார்ட்டனின் பழைய ரேஸ் வண்டியான மான்க்ஸ் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். இன்ஜினை அவர் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கர்ப்பக்கிரகத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி குனிந்து, சேஸிஸ் குழாய்கள் சேரும் இடத்தையே பார்த்தார். 1950இல் வந்த ஃபெதர்பெட் சேஸிஸ் அது, இறகு மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று அந்தக் காலத்து ரேஸ் வீரர் ஒருவர் சொல்லப்போய் அந்தப் பெயர் நின்றது என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் காதில் விழவில்லை. "இது ஆர்க் வெல்டிங் இல்லப்பா. பித்தளை ஓட்டியிருக்கான். ஒரே கை, நிறுத்தாம போயிருக்கான் பாரு" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், வெண்கலக் கம்பி வைத்துப் பற்றவைத்ததுதான்.

காரில் வரும்போது ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இனிமே இந்தப் பேரு போட்ட வண்டிய நம்ம பசங்க பத்த வைப்பாங்களா?" என்றார். அட்லஸ் ஓசூரில் உருவாகும் என்று செய்தி வந்தபோது அவருக்குத்தான் முதலில் அனுப்பினேன்.

நாற்பதாவது வளைவு:
எங்கள் வீட்டில் ஒரு நார்ட்டன் 16எச் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஆயிரக்கணக்கில் செய்தார்களே, அதில் ஒன்று. 490 சிசி, ஒற்றை சிலிண்டர், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பாணி இன்ஜின். போர் முடிந்து ஏலத்தில் தாத்தா எடுத்தது. வால்பாறை எஸ்டேட் ரோடெல்லாம் அதில்தான் போவார். கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.

1989இல் அதை எடைக்குப் போட்டோம். நாங்களேதான் போட்டோம். பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோ எரிந்து இரண்டு வருடமாகக் கொட்டகையில் நின்றது, அதன் காயிலைச் சுற்றித் தர ஆள் கிடைக்கவில்லை. பழைய இரும்புக்காரர் டேங்கைத் தனியாகக் கழற்றித் தராசில் வைத்தார். துரு படிந்த இடத்தில் பெயரின் முதல் எழுத்து மட்டும், அந்த நீண்டு வளைந்த வாலோடு, மேல் பக்கமாக இருந்தது. எனக்கு வயது பதினொன்று. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று நான் தேடிப் படிப்பதில்லை. இருபது வருடம் கழித்து அதற்கு ஒரு காயில் கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி.

பொறுமை 350:
ராத்திரி ஷிப்டு, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டேப் சுற்றிய வண்டி எதுவாகவும் இருக்கலாம். ஓசூர், பெங்களூரு சாலைகளில் எத்தனையோ கம்பெனிகள் சோதனை ஓட்டம் விடுகின்றன. சத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

என் அனுபவம் சின்னது. மூடிப்போய் மறுபடி வந்த வேறொரு பழைய பெயர், எது என்று சொல்ல விரும்பவில்லை. அப்பா இளமையில் ஓட்டிய பெயர் என்பதால் அறிவித்த வாரமே பணம் கட்டினேன். ஒன்பது மாதம் கழித்து வண்டி வந்தது. மூன்றாவது மாதம் ஹேண்டிலில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டி போய், அது வரும்வரை 47 நாள் ஷெட்டில் நின்றது. வேலை முடிந்து வரும்போதெல்லாம் அப்பா அந்த ஓடாத வண்டியைத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார். தினமும். தூசி எதுவும் இருக்காது.

அதனால் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் தொகுதி வண்டியை வாங்காதீர்கள். வேறு ஒருவர் வாங்கி, அந்த வண்டி இரண்டு மழைக்காலம் பார்க்கட்டும். பணம் கட்டும் முன் பாகங்கள் பிரிவுக்குப் போய் கிளட்ச் பிளேட், ஹெட்லைட், சைடு பேனல் மூன்றுக்கும் விலை கேளுங்கள். விலை சொல்லத் தெரியவில்லை என்றால் பாகம் இன்னும் வரவில்லை என்று பொருள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாய் வார்த்தை போதாது. சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள், நூறைத் தாண்டினால் யோசியுங்கள். 350 சிசிக்கு மேலே போனால் 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் சாலை வரி, இன்சூரன்ஸ். ஷோரூம் விலையைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம். டயர் அளவையும் பாருங்கள், நம் ஊர்க் கடையில் கிடைக்கிற அளவா, இறக்குமதியா என்று. கடைசியாக, கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் மனைவியிடமும் அப்பாவிடமும் மாதத் தவணையைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

டுரின் டைரி:
பொறுமை 350 அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதியை ஏற்க முடியவில்லை. பெயரை மட்டும் வாங்கி ஒட்டுவது வேறு, ஆலை வைத்திருப்பவர்கள் எடுத்து நடத்துவது வேறு. பிஎம்டபிள்யூவின் 310 வண்டிகளை டிவிஎஸ்ஸின் ஓசூர் ஆலையில்தான் செய்தார்கள், அவை வெளிநாடுகளில் ஓடுவதை நானே பார்க்கிறேன். நார்ட்டன் 1898இல் தொடங்கிய கம்பெனி. எத்தனையோ கைமாறி, 2020 ஜனவரியில் மறுபடி திவாலாகி நின்றது உண்மை. அன்று அதற்குப் பின்னால் ஒரு பெரிய உற்பத்தியாளர் இல்லை, இன்று இருக்கிறார். எல்லோரும் இரண்டு மழைக்காலம் காத்திருந்தால் முதல் வண்டியை யார் வாங்குவது?

சரி, என் கதை. நான் இங்கே டுரினில் வேலை பார்க்கிறேன், மிலான் கண்காட்சிக்கு ஒரு நாள் போயிருந்தேன். மான்க்ஸ் ஆர் முன்னால்தான் கூட்டமெல்லாம். 1200 சிசி, வி வடிவில் நான்கு சிலிண்டர், 206 குதிரைத்திறன், கூட்டம் நிற்கத்தான் செய்யும். நான் அட்லஸ் பக்கம் போனேன். என் உயரம் ஐந்தடி ஒன்று. சீட்டின் உயரத்துக்கு உள்ளங்கையை வைத்து, அதே உயரத்தில் கையை நகர்த்தி என் இடுப்புக்குக் கொண்டு வந்து பார்த்தேன். எந்தப் புது வண்டியைப் பார்த்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். நிமிர்ந்தால், பக்கத்தில் ஒரு இத்தாலியப் பெண், அறுபது வயது இருக்கும், அவரும் அதேபோல் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழி அந்த நேரத்தில் தேவைப்படவே இல்லை.

தாழ்ந்த சீட் ஒன்றை முதல் நாளிலிருந்தே தனியாக விற்க வேண்டும். நான் எதிர்பார்ப்பது அது ஒன்றைத்தான்.

லேத்து பட்டறை:
கோயமுத்தூருங்க. நமக்கு வண்டி ஓட்டுவதைவிடக் கழற்றுவதுதான் வேலை. ஊட்டிக்குப் போகிற ஒருவர் பழைய நார்ட்டன் கமாண்டோ ஒன்றைக் கொண்டு வந்தார், இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் தேய்ந்துவிட்டது, அதற்கு உள் புஷ் கடைந்து தர வேண்டும் என்று. ஐசோலாஸ்டிக் என்கிற அந்த ரப்பர் அமைப்பு பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இன்ஜின், கியர்பாக்ஸ், பின் சக்கரம் எல்லாம் சேர்ந்து சேஸிஸில் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும். 1967லேயே யோசித்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் வேலை. முடித்து மாட்டினதும் அவர் சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து டேங்க் மூடி மேல் வைத்து ஸ்டார்ட் செய்தார். சும்மா ஓடும்போது வண்டியே குலுங்கியது, நாணயம் நடந்து வந்து கீழே விழுந்தது. மறுபடி வைத்தார், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். மூவாயிரம் சுற்றை நெருங்கினதும் அந்தக் குலுக்கல் எங்கேயோ போய்விட்டது. நாணயம் அசையவில்லை. பட்டறைப் பையன்கள் எல்லோரும் லேத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். நான் கடைந்த புஷ்தானே உள்ளே இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டதுங்க.

16எச் எழுதின நண்பருக்கு: அந்த மேக்னெட்டோவை இன்று கொண்டு வந்தால் சுற்றித் தர இங்கே ஆள் உண்டு. முப்பத்தைந்து வருடம் தாமதம், என்ன செய்வது. புது வண்டியில் எனக்கு ஒரே ஆசை, பாகங்களின் படப் புத்தகத்தை எல்லோருக்கும் திறந்து விட வேண்டும். லேப்டாப் மாட்டினால்தான் திறக்கும் என்று பூட்டி வைத்தால் எங்களைப் போன்றவர்கள் கை வைக்க முடியாது.

ராத்திரி ஷிப்டு:
பொறுமை 350, நான் வாங்கலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை. வாங்குகிற நிலையிலும் இல்லை. அது எந்த வண்டி என்பதுதான் என்னை அரிக்கிறது. இருந்தாலும் உங்கள் அப்பா தூசியே இல்லாத வண்டியைத் துடைத்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

மிட்லண்ட்ஸ் மழை:
இந்த இழையை வீடியோ காலில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இப்போது ஓசூரில்தான் இருக்கிறார். நாணயக் கதையை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, ராத்திரி ஷிப்டு, உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: பிய்ந்த டேப்புக்குக் கீழே சேஸிஸ் தெரிந்ததா, பற்றவைப்பு எப்படி இருந்தது? தெரியவில்லை என்றால் அந்த டீக்கடை எது?

ராத்திரி ஷிப்டு:
பற்றவைப்பைக் கவனிக்கவில்லை. வெள்ளியாக ஏதோ பளபளத்தது, அவ்வளவுதான் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லுங்கள்: மத்திகிரி தாண்டினால் இடது பக்கம் புளியமரம், அதற்கு அடியில் நீலத் தகரம் போட்ட கடை. காலை ஆறரைக்கு. வியாழனும் வெள்ளியும் நானும் இருப்பேன், வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பனி அதிகம், மப்ளர் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.