நாஸ் பெட்டிக்கு காப்பி செய்தால் சில ஃபைல் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

பெரம்பூர்வாசி:
அம்மாவின் பழைய கேசட்டுகளை நான்கு மாதமாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் 30 நிமிடம், ஃபைல் ஒவ்வொன்றும் 300 எம்பி சுமார். எல்லாவற்றையும் வீட்டு நாஸ் பெட்டிக்கு (வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி) காப்பி செய்தால் பாதி போகிறது, மீதியில் "எதிர்பாராத பிழை" என்று நின்றுவிடுகிறது, எத்தனை முறை முயன்றாலும் அதே ஃபைல்களில்தான். விண்டோஸ் 11, ரவுட்டர் வழியாக கேபிள், பெட்டியில் 2 டிபிக்கு மேல் காலி. போகிறவையும் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டுவதில்லை. அம்மா போன வருடம் தவறிவிட்டார்கள். நாடாக்கள் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன, இன்னொரு முறை ஓட்ட முடியும் என்ற நம்பிக்கை இல்லை.

நங்கநல்லூர்:
11 எம்பியிலேயே நிற்கிறது என்றால் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12 எம்பி சுமார்) ஓடுகிறது சார். அதைப்போல் பத்து மடங்கு வேகமான கிகாபிட்டுக்கு கேபிளில் எட்டு கம்பியும் சரியாக இருக்க வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் 100க்கு இறங்கிவிடலாம். கேபிளை மாற்றிப் பாருங்கள், ரவுட்டர் போர்ட் கிகாபிட்தானா என்றும் பாருங்கள். ஆனால் ஃபைல் நிற்பதற்கு இது காரணம் இல்லை.

வளசரவாக்கம்:
பெட்டியின் பின்னால் யுஎஸ்பி டிஸ்க் செருகி அதில் போடுகிறீர்களா? அது ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்தது என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏற்காது.

பெரம்பூர்வாசி:
இல்லை சார், உள்ளே இருக்கும் டிஸ்க்தான், ஃபைலும் அவ்வளவு பெரியது இல்லை. ஒன்று கவனித்தேன். போகாத ஃபைலுக்கு "சோதனை" என்று பெயர் மாற்றினால் உடனே போகிறது! அம்மா கேசட் அட்டையில் எழுதியதையே பெயராக வைத்திருந்தேன். போகாதது ஒன்று: "1991 கார்த்திகை சித்தி கல்யாணம் அம்மா பாடிய நலங்குப் பாட்டு".

மயிலாப்பூர்:
அந்த ஃபோல்டருக்கு என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டு, போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் இதுதான் விஷயம். விண்டோஸ் பெயரின் நீளத்தை எழுத்துக் கணக்கில் பார்க்கும், 255 வரை விடும், அதனால் உங்கள் கணினியில் பிரச்சினையே தெரியாது. நாஸ் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம், அது பைட் (சேமிப்பின் சிறு அலகு) கணக்கு. அங்கேயும் எல்லை 255தான், ஆனால் பல பெட்டிகளில் என்கிரிப்ட் செய்த ஃபோல்டருக்குள் பெயரையும் பூட்டி வைப்பதால் அது நீண்டுவிடும், நமக்கு மிஞ்சுவது 143 பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. "பாட்டு" பார்க்க மூன்றெழுத்து, உள்ளே ப, கால், ட, புள்ளி, ட, உகரக் குறி என்று ஆறு, ஆக 18 பைட். உங்கள் பெயரை இப்படியே எண்ணினேன், கடைசியில் வரும் .wav என்ற நீட்டிப்பையும் சேர்த்து 159 வருகிறது. அதுதான் நிற்கிறது. தமிழில் பெயர் வைக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது, பிழைச் செய்தி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

"1991 சித்தி கல்யாணம் நலங்கு" என்று சுருக்குங்கள், நீட்டிப்போடு 71 பைட்தான். அம்மா எழுதியதை முழுசாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் தட்டி அதே ஃபோல்டரில் வையுங்கள், உள்ளடக்கத்துக்கு இந்த எல்லை கிடையாது. பெயரை மாற்றவே மனமில்லை என்றால் என்கிரிப்ஷன் இல்லாத புது ஃபோல்டர் ஒன்று உருவாக்கி அதில் போடலாம். அப்புறம், கட் செய்து ஒட்டாதீர்கள், காப்பி மட்டும்.

பெரம்பூர்வாசி:
சரியாகப் போய்விட்டது அண்ணா. ஆமாம், என்கிரிப்ஷன் போட்டிருந்தேன். பாட்டுக்கு எதற்குப் பூட்டு என்று புது ஃபோல்டரில் முழுப் பெயரோடே போட்டேன், ஒன்றுகூட நிற்கவில்லை. ரிச்சி தெருவில் புதுக் கேபிள் வாங்கிப் போட்டதும் வேகம் நொடிக்கு 100 எம்பியைத் தாண்டிவிட்டது. நலங்குப் பாட்டை நாஸிலிருந்தே டிவியில் ஓடவிட்டேன், நடுவில் அம்மா யாரையோ "கொஞ்சம் தள்ளி உட்காரு" என்று சொல்வதுகூடக் கேட்கிறது.

வேளச்சேரி:
நாஸ் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் போட்டு ஒரே பதிவை இரண்டிலும் வைத்திருந்தாலும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள் தம்பி. ஒன்று பழுதானால் இன்னொன்று காப்பாற்றும், பெட்டியே நனைந்தால் இரண்டும் போகும். 2015 டிசம்பரில் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர், கல்யாண ஆல்பம் இருந்த கணினி அதோடு போயிற்று. இன்னொரு நகலை வேறு ஊரில் வையுங்கள்.

பெரம்பூர்வாசி:
தங்கை திருச்சியில் இருக்கிறாள். பொங்கலுக்கு வரும்போது ஒரு டிஸ்கில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன் அண்ணா.