கட்டிய கடிகாரம் மறந்துபோகிறது, ஊரும் எறும்பு உடனே தெரிகிறது. எப்படி?

வாசல்நிழல் (கேள்வி):
கையில் கடிகாரம் கட்டிக் கொஞ்ச நேரத்தில் அது இருப்பதே தெரியாமல் போகிறது. அதே கையில் ஒரு எறும்பு ஏறினால், எடை என்று சொல்ல ஒன்றுமே இல்லாத ஜந்து, உடனே தெரிந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் "தோலிலுள்ள நரம்பு முனைகள் தொடுதலை உணர்கின்றன" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அதற்கு அடுத்த வரி வேண்டும். தோல் அமுங்குவது எப்படி மின் சைகை ஆகிறது? எல்லா முனைகளுக்கும் ஒரே வேலைதானா?

இரவுப்பறவை:
ஒரே வேலை இல்லை. நாம் தொடுதல் என்று ஒன்றாகச் சொல்வதைத் தோல் நாலைந்து விதமாகப் பிரித்துத்தான் அனுப்புகிறது. மேல்தோலின் அடியில் இருக்கும் மெர்க்கல் செல்களும் அவற்றோடு ஒட்டிய நரம்பு முனைகளும் விளிம்பு, மேடு பள்ளம் இதையெல்லாம் கவனிக்கும், அழுத்தம் இருக்கும்வரை தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். விரல் நுனி, உள்ளங்கை போன்ற முடியில்லாத தோலில் மைஸ்னர் முனைகள் அதிகம். கையில் பிடித்த பொருள் லேசாக வழுக்கினால் நாம் யோசிக்கும் முன்பே பிடி இறுகுவதற்கு முக்கியமாக உதவுபவை இவைதான். ரஃபினி முனைகள் தோல் இழுபடுவதைச் சொல்பவை. வலி, சூடு, குளிர், அரிப்பு எல்லாம் உறை எதுவும் இல்லாத வெறும் நரம்பு முனைகளின் பொறுப்பு.

எனக்குப் பிடித்தது பாசினி. தோலின் ஆழத்தில், சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளம், அதாவது வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். நடுவில் நரம்பு முனை, சுற்றி வெங்காயம் போல அடுக்கடுக்காக உறை. மெதுவாக, நிலையாக அழுத்தினால் அடுக்குகள் நகர்ந்துகொடுத்து அழுத்தத்தை உள்ளே விடாது. அழுத்தம் தொடங்கும்போதும் விடும்போதும் மட்டும் நரம்பு துடிக்கும். நொடிக்கு 200 முதல் 300 அதிர்வுகள் என்றால் மிகக் கூர்மையாக உணரும். போன் வைப்ரேட் ஆவது தெரிவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது எறும்பு. மணிக்கட்டில் முடி இருக்கிறது, ஒவ்வொரு முடியின் வேரையும் நரம்பு முனைகள் சுற்றியிருக்கின்றன, எறும்பு நடக்க நடக்க ஒவ்வொரு முடியாக வளைகிறது, ஒவ்வொன்றும் புதுச் செய்தி. கடிகாரமோ முடியை ஒரு தடவை வளைத்துவிட்டு அப்படியே கிடக்கிறது. மாற்றத்துக்கு மட்டும் துடிக்கும் முனைகள் அதோடு அடங்கிவிடும். மெர்க்கல் போன்றவை தொடர்ந்து ஏதோ அனுப்பிக்கொண்டுதான் இருக்கும், மூளைதான் அதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. இதைப் படித்ததும் கடிகாரம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்குமே, அதுதான்.

தாழ்வாரம்:
மின் சைகை ஆகும் கதையை நான் சொல்கிறேன். முனையின் சவ்வில் பீசோ2 என்ற புரதம் பதிந்திருக்கிறது. சவ்வு இழுபட்டால் அதன் நடுத் துளை திறந்து, சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் உள்ளே பாயும். மின்னழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் நரம்புத் துடிப்பு கிளம்பித் தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகும். அவ்வளவுதான், ஆனால் இந்தப் புரதத்தைக் கண்டுபிடிக்க 2010 வரை ஆனது. ஆர்டெம் படபூட்டியன் குழு, நுண்ணிய குழாயால் குத்தினால் மின்சாரம் காட்டும் செல்களை எடுத்து, சந்தேகப்பட்ட 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். கடைசியாகச் சோதித்ததுதான் சரியானது! அது பீசோ1, அதன் வழியே பீசோ2. 2021 நோபல் பரிசு அவருக்கும், மிளகாய்க் காரத்தை வைத்துச் சூட்டை உணரும் புரதத்தைப் பிடித்த டேவிட் ஜூலியஸுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

பிறவியிலேயே பீசோ2 வேலை செய்யாதவர்களும் இருக்கிறார்கள். அதிர்வு தெரியாது, கண்ணைக் கட்டினால் கைகால் எங்கே இருக்கிறது என்பதே பிடிபடாமல் தடுமாறுவார்கள். ஆனால் சூடும் குளிரும் தெரியும்.

கல்மேடு:
ஒவ்வொரு முனைக்கும் ஒரு வேலை என்று பங்கு போடுவது பாடம் நடத்த வசதி, அனுபவத்தில் எல்லாம் கலந்துதான் வரும். ஈரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நம் தோலில் அதற்கென்று தனி முனையே கிடையாது. குளிர்ச்சியும் வழுக்கலும் அழுத்தமும் சேர்ந்து வந்தால் மூளை ஈரம் என்று முடிவுகட்டுகிறது. கொடியிலிருந்து எடுத்த குளிர்ந்த துணி காய்ந்ததா இல்லையா என்று குழப்புவது இதனால்தான். அப்புறம், முனைகள் எவ்வளவு நெருக்கம் என்பதும் முக்கியம். இரண்டு கூர்முனைகளை விரல் நுனியில் 2–3 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தாலே இரண்டு என்று தெரியும். முதுகில் சுமார் 4 சென்டிமீட்டர் விலக்கினால்தான் தெரியும்.

வாசல்நிழல்:
நன்றி, இப்போது புரிகிறது. இன்னொன்று: கால் விரலை இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிகிறது, உயிர்போகும் வலி அப்புறம் வருகிறதே?

இரவுப்பறவை:
வயரின் வேகம்தான் காரணம். தொடுதலைக் கொண்டுபோகும் நரம்பிழை தடித்தது, மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு, நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை ஓடும். மந்தமான, எரியும் வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைக்கு உறை கிடையாது, நொடிக்கு 2 மீட்டருக்குள்தான். இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதற்கும் அந்தத் தடித்த இழைகளையே காரணம் சொல்கிறார்கள். அவற்றின் துடிப்பு தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது என்று மெல்ஸாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்தார்கள். அதன் நுணுக்கங்களை அப்புறம் திருத்தியிருக்கிறார்கள், அடிப்படை யோசனை இன்னும் நிற்கிறது.