விடுமுறை வீட்டின் வெளிப்படி ஆடுகிறது, அவசரம்

நீலவானம்: வாடகைக்கு எடுத்த விடுமுறை வீட்டுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தோம். தங்கும் அறைகள் மாடியில். வெளிப்படியில் ஏறும்போதே ஆடுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

செங்கல்: மரமா, இரும்பா, கான்கிரீட்டா? ஆடுவது படியா, கைப்பிடியா?

மழைத்துளி: மேலே போக வேறு வழி உண்டா? உரிமையாளரிடம் சொல்லியாயிற்றா?

ஈரமண்: பாசியாகத்தான் இருக்கும். நிழலில் இருக்கும் படி என்றால் வழுக்கும். கெட்டி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

செங்கல்: ஆடுகிறது என்கிறார், வழுக்குகிறது என்று சொல்லவில்லையே. படிகளின் உயரத்தை அளந்து பாருங்கள். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிப்படி ஒரே படிக்கட்டில் மிக உயரமான படிக்கும் மிகத் தாழ்வான படிக்கும் 3/8 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. கால் பழகிய உயரத்தைத்தான் தேடும், மாறினால் தடுக்கும்.

தச்சுமேசை: இத்தனை வருடமாகச் சொல்கிறேன், பொருளும் படமும் இல்லாமல் கேள்வி போடாதீர்கள் என்று. யார் கேட்கிறார்கள்! சரி, மரம் என்றே வைத்துக்கொள்வோம். படிகளை இருபுறமும் தாங்கும் பக்கச் சட்டம் தரையைத் தொடும் இடத்தில் திருப்புளியால் அழுத்துங்கள். சுலபமாக இறங்கினால் மரம் இற்றுவிட்டது. அப்புறம் மேல்முனை சுவரோடு சேரும் இடம். அங்கே வெறும் ஆணி மட்டும் இருந்தால் நம்பாதீர்கள்.

ஈரமண்: நாலு திருகாணி முடுக்கினால் தீர்ந்தது.

தச்சுமேசை: இற்ற மரத்தில் திருகாணி எதைப் பிடிக்கும்?

மழைத்துளி: விருந்தினர் அதில் கை வைக்கவே கூடாது. நாளை யாராவது விழுந்தால் பழி இவர்மேல் வரும். படமும் காணொளியும் எடுத்து, முன்பதிவு செய்த இணையதளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள். ஃபோனில் பேசியதற்குச் சான்று இருக்காது.

ஈரமண்: அதற்குள் அம்மா விழுந்தால்? சான்று என்ன செய்யும்?

மழைத்துளி: ஒன்றும் செய்யாது. அதனால்தான் அவரை ஏற்றவே வேண்டாம் என்கிறேன். எழுதுவது பணத்துக்காக, ஏறாமல் இருப்பது உயிருக்காக. இரண்டும் வேண்டும்.

ஈரமண்: எல்லாவற்றுக்கும் உரிமையாளரையே எதிர்பார்த்தால் விடுமுறை முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

செங்கல்: அவர் வீடு, அவர் படி. சரிசெய்வது அவர் பொறுப்புதானே?

நீலவானம்: மரம்தான். கீழே திருப்புளி பாதி வரை போய்விட்டது. அம்மா காரிலேயே இருக்கிறார். படம் அனுப்பியதும் உரிமையாளர் வேறு வீடு தருவதாகச் சொன்னார். கிளம்புகிறோம், நன்றி.

தச்சுமேசை: மேலே பெட்டி ஏதாவது வைத்திருந்தால், எடுக்க ஒருவர் மட்டும் போங்கள். கனமானதைத் தூக்க வேண்டாம்.

மழைத்துளி: உரிமையாளர் சொன்னதைத் தளத்திலும் எழுதிக் கேட்டுக்கொண்டீர்களா? அந்த மாடியை அடுத்து யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தினார்களா?