இடம்பெயர்ந்தோமா, புலம்பெயர்ந்தோமா?

கொக்குவில் பிள்ளை:
அம்மம்மாவின் கதையை அவ சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க யாழ்ப்பாணச் சனம் எல்லாம் வெளிக்கிட்டபோது, மழைக்குள்ளே, தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் அடிக்கு அடி நின்று நின்று சாவகச்சேரி போய்ச் சேர்ந்தவ. அதை "புலம்பெயர்ந்தோம்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். உடனே மறித்துவிட்டா: "புலம்பெயர்ந்தது உன்ர சித்தப்பா. நாங்கள் இடம்பெயர்ந்தனாங்கள்." சித்தப்பா கனடாவில் இருக்கிறார். சரி, 1990 இல் மன்னாரில் படகேறி தமிழ்நாட்டு மண்டபம் முகாமுக்குப் போன மாமாவுக்கு எந்தச் சொல்?

கச்சேரியடி:
அம்மம்மா சொன்னது சரி. நாட்டு எல்லை தாண்டாதவரை அது இடப்பெயர்வு, இங்கே சனம் "95 இடப்பெயர்வு" என்றுதான் சொல்லும். சட்டமும் அந்தக் கோட்டில்தான் ஆட்களைப் பிரிக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கைப்படி சொந்த நாட்டுக்கு வெளியே நிற்பவர்தான் அகதி, நாட்டுக்குள்ளேயே ஓடியவர்களுக்கு ஐநா 1998 இல் தனியாக வழிகாட்டிக் கோட்பாடுகள் கொண்டுவந்தது. ஆகவே மாமா அகதி. ஆனால் நாங்கள் சாவகச்சேரிப் பக்கம், தென்மராட்சிப் பள்ளிக்கூடங்களில் பாய் விரித்துப் படுத்ததையும் அகதி முகாம் என்றுதானே சொன்னோம்? கதி இல்லாதவன் அகதி, அதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

வைகைக்கரை:
மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு அந்தக் கோடு கிடையாது. 2020 ஊரடங்கில் பீகாருக்கு நடந்தே கிளம்பியவர்களைப் பத்திரிகைகள் "புலம்பெயர் தொழிலாளர்கள்" என்றுதான் எழுதின, அவர்கள் எந்த நாட்டு எல்லையையும் தாண்டவில்லை. சொல்லும் பழசு. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசும் வெளிநாட்டார் கூடி வாழ்ந்ததைப் பட்டினப்பாலை "புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்" என்கிறது. இனிது உறையும்! அங்கே அது துயரச் சொல்லே இல்லை.

தட்டாதெரு அப்பு:
தம்பி வைகைக்கரை சொன்னதற்கு ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் மலாயாவுக்கு ரயில்வே வேலைக்குப் போன எங்கள் ஆட்களும் கடல் தாண்டினவர்கள்தான். அவர்களை ஊர் "மலாயன் பென்சனியர்" என்றது, புலம்பெயர்ந்தவர் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, ஏனென்றால் அவர்களில் கனபேர் திரும்பி வந்து கல்வீடு கட்டி இருந்தார்கள். 83 கலவரத்துக்குப் பிறகு போனவர்களுக்குத்தான் அந்தச் சொல் இங்கே ஒட்டிக்கொண்டது. எல்லையை மட்டும் பார்க்காதே பிள்ளை, திரும்பி வர வழி இருந்ததா என்றும் பார்.

கொக்குவில் பிள்ளை:
எல்லாவற்றையும் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டி, மாமாவுக்கு என்ன போட என்று கேட்டேன். "அவன் அக்கரைக்குப் போனவன்" என்றா. அப்படியே எழுதிவிட்டேன்.