வைக்கோல் போரில் பிறந்த மாணவர் சங்கம்: ரகசியம் எதற்கு?

வண்ணைவாசி:
1806 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வெளியே ஜெபம் பண்ணப் போன இடத்தில் இடிமழை பிடித்துக்கொள்ள, ஒரு வைக்கோல் போரின் ஓரம் ஒதுங்கினார்கள். ஆசியாவுக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போகும் பேச்சு அங்கேதான் எழுந்தது. அதுவரை சரி. 1808இல் அதே கல்லூரியில் 'சகோதரர் சங்கம்' தொடங்கி, அதன் விதிகளைச் சங்கேத எழுத்தில் எழுதி மறைத்துவைத்தார்கள். நல்ல காரியத்தை ஏன் ஒளிக்க வேண்டும்?

வட்டுக்கோட்டை அக்கா:
தம்பி, அன்றைக்கு அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து ஊழியரை அனுப்ப ஒரு சபையும் இல்லை. வெளியே சொல்லியிருந்தால் பைத்தியக்காரப் பையன்கள் என்று ஊரே பேசியிருக்கும். 1810இல் அமெரிக்கன் மிஷன் உருவானதே அந்தப் பையன்களின் விடாமுயற்சியால்தான். வைக்கோல் போரடியில் நின்ற ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, நோயாளியாகவே உழைத்து, 1822இல் இங்கேயே உயிரை விட்டார். மறுவருடம் அவருடைய மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில்தான் பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை படித்தார். அந்த ஐந்து பேரும் மழைக்குப் பயந்து விடுதிக்குள்ளேயே இருந்திருந்தால்?

வண்ணைவாசி:
ரிச்சர்ட்ஸின் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை அக்கா. ஆனால் விளைவு நல்லது என்பதால் வழியும் சரியாகிவிடாது. ஊழியத்துக்குத் தடையான எந்தக் கடமையிலும் உறுப்பினர் மாட்டிக்கொள்ளக் கூடாது, எது தடை என்பதைச் சகோதரர்களோடு கலந்தே தீர்மானிக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் விதி. இருபது வயதுப் பையன் கலியாணம் கட்டுவதா வேண்டாமா என்பதைக்கூட ஒரு ரகசியக் குழுவிடம் கேட்க வேண்டுமா? எங்கள் சைவத்து ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் ஊரறியத்தான் பிரசங்கம் செய்தார்.

வட்டுக்கோட்டை அக்கா:
நாவலருக்கு முன்னால் கோயில் நிறையக் கேட்க ஆள் இருந்தது. அந்த ஐந்து பேருக்கு யார் இருந்தார்கள்? அந்த விதியைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் உறுத்துகிறது, மறுக்க மாட்டேன். என் மகனிடம் ஒரு சங்கம் அப்படிக் கையெழுத்துக் கேட்டால் நானே தடுப்பேன். ஆனாலும் ரகசியத்தை நான் குற்றமாகப் பார்க்கவில்லை, அது துணையில்லாத பிள்ளைகளின் பயம்.

வண்ணைவாசி:
பயம் என்றால் ஏற்றுக்கொள்கிறேன். அப்புறம் மிஷனே உருவாகி, பயத்துக்குக் காரணம் போன பிறகும் அந்தச் சங்கத்தை ஆண்டோவர் இறையியல் கல்லூரிக்கு மாற்றி, அங்கேயும் ரகசியமாகவே நடத்தினார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?